புது ஊரில் ஒரு பந்து



இடம்பெயர்ந்து போன அனுபவம் உங்களில் அநேகருக்கு உண்டு. ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை மூட்டை கட்டியவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். போன இடத்தில் முதல் வாரம் எப்படிக் கழியும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் யாருடைய கிணற்றில் அள்ளுவது, கடையில் கொப்பி போட்டுச் சாமான் தருவார்களா, கிராம சேவையாளர் எந்த நாளில் இருப்பார், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க என்ன கடிதம் வேண்டும் என்பதிலேயே நாட்கள் போய்விடும். அயல்வீட்டுக்காரரின் பெயரை அறிய மாதக்கணக்காகும். அவர்களும் நம்மைக் கேட்கமாட்டார்கள். வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பார்கள். "வந்த ஆக்கள்" என்ற ஒரு சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடுவார்கள்.

ஆனால் அதே வீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தால், இரண்டாம் நாள் மாலையே ஊரில் ஏழெட்டுப் பேரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவான். எங்கே அறிந்தாய் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: பந்தடிக்கிற இடத்தில்.

இந்த மாதம் அந்தப் பந்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். விளையாட்டுச் செய்தி சொல்ல வரவில்லை. வந்த குடும்பத்தையும் இருந்த ஊரையும் உதைபந்தாட்டம் எவ்வளவு தூரம் சேர்த்துவைக்கும், எந்த இடத்தில் அது நின்றுவிடும் என்பதே என் கேள்வி. இதற்கு வெளிநாடுகளில் நடந்த இரண்டு விடயங்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் போரால் வீடிழந்த குடும்பங்களைப் பற்றியவை. ஆகவே உங்களுக்கு அவை அந்நியமாகத் தெரியாது.

முதலாவது, ஐக்கிய அமெரிக்காவில் நடந்தது. ஜோர்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா என்ற பெருநகரத்துக்குப் பக்கத்தில் கிளார்க்ஸ்ரன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நடுவே புகையிரதப் பாதை ஓடும் இந்த ஊரின் பரப்பு அந்நாட்களில் ஏறக்குறைய ஒரு சதுர மைல்தான். சனத்தொகையும் சுமார் 7,000தான். 1980களின் கடைசியிலிருந்து அகதிகளைக் குடியேற்றும் நிறுவனங்கள் இந்த ஊரைத் தெரிந்தெடுத்தன. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே வாடகை குறைந்த தொடர்மாடி வீடுகள் நிறைய வெறுமையாக இருந்தன, நகரத்துக்கு வேலைக்குப் போய்வர பஸ்ஸும் இருந்தது. வியட்நாம், பொஸ்னியா, கொசோவோ, சோமாலியா, சூடான், லைபீரியா, கொங்கோ, புரூண்டி, ஈராக், ஆப்கானிஸ்தான் என்று போர் நடந்த நாடுகளின் பட்டியல் முழுவதும் அந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது ஊரில் மூன்றில் ஒரு பங்கினர் வெளிநாட்டில் பிறந்தவர்களாக இருந்தார்கள். ஊரிலே பரம்பரையாக இருந்தவர்களை யாரும் கேட்டு இதைச் செய்யவில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். அவர்களுடைய மனக்குறையின் வேர் அங்கேதான் இருந்தது. வந்தவர்களிடம் அவர்களுக்கு முதலில் பகை இருக்கவில்லை, தங்களை மதிக்காமல் எல்லாம் நடக்கிறது என்ற எண்ணமே இருந்தது. நலன்புரி நிலையங்கள் அமைந்த நம்முடைய ஊர்களிலும் இதே முணுமுணுப்பை நான் கேட்டிருக்கிறேன்.

வந்தவர்களின் நிலை இன்னும் கடினம். நிவாரணம் சில மாதங்களுக்கு மட்டுமே. அமெரிக்காவுக்கு வந்த விமானக் கட்டணம்கூடக் கடன், அதையும் திருப்பிக் கட்டவேண்டும். தாய்மார் ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யவும் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்யவும் போனார்கள். பிள்ளைகள் தனியே இருந்தார்கள்.

2004ஆம் ஆண்டில் லூமா முஃப்லே என்ற பெண் இந்த ஊரில் வழி தவறி ஒரு தொடர்மாடி முற்றத்துக்குள் காரைத் திருப்பினார். அவர் ஜோர்தான் நாட்டின் தலைநகரான அம்மானில் வளர்ந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, ஊருக்குத் திரும்பிப்போக முடியாத சூழ்நிலையில் அங்கேயே தங்கியவர். கிளார்க்ஸ்ரனுக்கு அவர் வந்தது தன் ஊர்ச் சாப்பாட்டுச் சாமான் வாங்க. அந்த முற்றத்தில், வாகனங்கள் நிறுத்தும் இடத்தில், பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய பந்து, காலில் சப்பாத்து இல்லை, கோல் கம்பத்துக்குப் பதிலாகக் கல். தன்னுடைய அம்மான் தெருவில் விளையாடியதைப்போலவே இருந்தது அவருக்கு. சில நாள் கழித்து நல்ல பந்து ஒன்றுடன் மீண்டும் போனார். அந்த யூன் மாதமே அணி ஒன்றைத் தொடங்கினார். அகதிகள் என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பகுதியை எடுத்து 'ஃபியூஜீஸ்' என்று அதற்குப் பெயர் வந்தது.

இந்த வரலாற்றை வொரன் சென் ஜோன் என்ற பத்திரிகையாளர் 2007 ஜனவரியில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார், 2009இல் புத்தகமாகவும் வெளியிட்டார். அதில் வரும் ஒரு விடயம் உங்களுக்குப் பிடிக்கும். அணியில் சேர்ந்த பையன்களில் ஒருவன், இவ ஒரு பெண், இவவுக்கு என்ன தெரியும் என்ற தோரணையில் பேசினான். லூமா ஒன்றும் வாதாடவில்லை. அவனைக் கோலுக்குள் போய் நிற்கச் சொன்னார். தன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால் ஓங்கி ஓர் அடி அடித்தார். பையன் பந்தைப் பிடிக்காமல் விலகிப் பாய்ந்தான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

அதே புத்தகத்தில் ஒரு தாயின் கதையும் இருக்கிறது. லைபீரியாவின் உள்நாட்டுப் போரில் கணவனை இழந்தவர். அகதி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்துவிட்டு மகன்மாருடன் இந்த ஊருக்கு வந்தவர். ஹோட்டல் வேலை முடிந்து இரவில் தனியே வீடு திரும்பிய வழியில் அவரிடமிருந்த பையைத் திருடன் பறித்துக்கொண்டு போனான். போரிலிருந்து தப்பி வந்த இடத்திலும் இப்படியா என்று அவர் மனம் உடைந்துபோனது. அன்றிலிருந்து மகன்மாருக்கு ஒரே கட்டளை: பாடசாலை விட்டதும் வீட்டுக்கு வா, கதவைப் பூட்டு, வெளியே இறங்காதே. கடைக்குட்டிக்கோ பந்தில் பைத்தியம். அம்மா அனுமதிக்கமாட்டார் என்று தெரிந்தும் பயிற்சிக்குப் போகத் துடித்தான். கடைசியில் லூமா அந்தத் தாயுடன் நேரில் பேசவேண்டி வந்தது. பிள்ளையை நானே கூட்டிப்போய் நானே கொண்டுவந்து விடுவேன், என் பொறுப்பு என்று அவர் சொன்ன பிறகே கதவு திறந்தது.

கதவைப் பூட்டு என்று சொன்ன அந்தத் தாயை நான் குறைசொல்லமாட்டேன். நீங்களும் சொல்லமாட்டீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த, பிள்ளை பிடித்துக்கொண்டு போகப்பட்ட, பிள்ளையை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தாய்க்கு 'பிள்ளையை வெளியே விடுங்கள், பழகட்டும்' என்று புத்திசொல்லி ஒரு பயனுமில்லை. யார் கூட்டிப்போவார், யார் கொண்டுவந்து விடுவார், எத்தனை மணிக்கு என்று பெயரும் நேரமும் சொல்லவேண்டும். லூமா செய்தது அதைத்தான்.

அணிக்குள் என்ன நடந்தது? முதல் நாட்களில் ஒரே நாட்டுப் பையன்கள் தங்களுக்குள் மட்டுமே பந்தைக் கொடுத்தார்கள். ஆபிரிக்கப் பையன்கள் ஒரு பக்கம், பொஸ்னியா, கொசோவோப் பையன்கள் ஒரு பக்கம். ஒவ்வொருவரும் தன் மொழியில் கூப்பிட்டார்கள். லூமா ஒரு விதி போட்டார்: மைதானத்தில் ஆங்கிலம் மட்டும். அது அவர்களில் அநேகருக்குத் தாய்மொழி அல்ல, ஆகவே எந்த ஒரு நாட்டுக் கூட்டத்தின் மொழிக்கும் முன்னுரிமை இல்லை. பயிற்சிக்கு வருமுன் பாடம் படிக்கவேண்டும், அதற்கென்று தொண்டர்களை வைத்தார். படிக்காதவன் ஆடமுடியாது. தவறான நடத்தைக்கும் இடமில்லை. இவற்றையெல்லாம் எழுதிப் பிள்ளைகளிடம் கையொப்பம் வாங்கினார். கண்டிப்பான ஆள் என்று சொல்லவேண்டும். எனக்கு அவருடைய கண்டிப்பு சில இடங்களில் அதிகமாகவே பட்டது. ஒழுங்கு தவறியதற்காக ஓர் அணியையே கலைத்தது அதில் ஒன்று. ஆனால் தொண்டர்கள் இரண்டு மாதம் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, வருடக்கணக்காக நின்று கண்டிக்கிற ஒருவர் கிடைத்தால் அதுவும் ஒரு கொடுப்பினைதான்.

பையன்களைக் கொண்டுபோய் வீட்டில் விடும்போது தாய்மார் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். மின்சாரக் கட்டணமா, பாடசாலை அறிவித்தலா, வேறு எதுவுமா என்று தெரியாமல் வைத்திருந்த கடிதங்கள். லூமா வாசித்துச் சொன்னார். சிலரைச் சந்திக்கவேண்டிய அலுவலகங்களுக்குக் கூட்டிப்போனார். பிறகு தாய்மாருக்குப் பகல்நேர வேலை கிடைக்கவேண்டும் என்பதற்காக வீடு, அலுவலகம் துப்புரவு செய்யும் சிறு நிறுவனம் ஒன்றையே தொடங்கி அவர்களை வேலைக்கு எடுத்தார். பந்து முற்றத்திலிருந்து குசினி வரைக்கும் வந்துவிட்டது என்று சொல்லலாம். கிளார்க்ஸ்ரன் கதையில் எனக்கு மிகப் பெறுமதியாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். வெற்றி தோல்விகளை நான் பெரிதாக எடுக்கவில்லை.

இனி ஊர்க்காரரின் பக்கம். 2006ஆம் ஆண்டுக் கோடையில் அந்த ஊரின் மேயர், நகரப் பூங்காவின் மைதானத்தில் உதைபந்தாட்டம் கூடாது என்றார். அது பேஸ்போல் போன்ற ஆட்டங்களுக்கென்று அமைத்த மைதானம் என்பது அவருடைய நியாயம். பிள்ளைகள் ஒரு பாடசாலைக்குப் பின்னால் இருந்த, புல்லில்லாத, உடைந்த போத்தல் துண்டுகள் கிடந்த வெளியில் பயிற்சி செய்தார்கள். பூங்காவின் நல்ல மைதானமோ பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது. புல் பழுதாகிவிடும் என்பதல்ல உண்மையான பயம். பேஸ்போல் அந்த ஊர்ப் பழையவர்களின் ஆட்டம், உதைபந்து வந்தவர்களின் ஆட்டம். மைதானத்தைக் கொடுத்தால் ஊரையே கொடுத்ததாகிவிடும் என்ற எண்ணம். ஒக்டோபரில் நகரசபை கூடி ஆறு மாதத்துக்கு மைதானத்தைத் தரத் தீர்மானித்தது. பத்திரிகையில் செய்தி வந்தபின் நாடெங்கிலும் இருந்து உதவி வந்தது. 2007இல் இந்தப் பிள்ளைகளுக்கென்று சிறு பாடசாலையும் தொடங்கியது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பையன்களை வயதுக்கேற்ற வகுப்பில் இருத்திவிட்டு எல்லோரும் பேசாமல் இருந்ததே அதற்குக் காரணம். பிற்காலத்தில் பெண்பிள்ளைகளுக்கும் அணி வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போட்டிக்குப் போன வேறு ஊர்களில் இந்தப் பிள்ளைகளின் பெயரையும் நிறத்தையும் சொல்லிக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். பந்து விளையாடியதால் அந்த வாய்கள் மூடவில்லை. அதே ஊரில் பலசரக்குக்கடை வைத்திருந்த ஒருவர், பழைய வாடிக்கையாளர்கள் ஊரைவிட்டுப் போய் வியாபாரம் படுத்தபோது, வந்தவர்களையே வேலைக்கு எடுத்து அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டு அந்தச் சாமான்களை இறக்கினார். கடை பிழைத்தது. இது பந்தால் நடந்ததல்ல, வயிற்றுப்பாட்டால் நடந்தது. ஒருவருக்கொருவர் தேவைப்படும்போது மனிதர் நெருங்குகிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஓல்போட் என்ற அறிஞரைப் பற்றிப் படித்தோம். கோர்டன் ஓல்போட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் எழுதிய புத்தகத்தில், பகைமை கொண்ட இரு பகுதியினர் வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மட்டும் நெருங்கிவிடமாட்டார்கள் என்று விளக்கினார். அந்த இடத்தில் இருவரும் சமமாக இருக்கவேண்டும். இருவருக்கும் ஒரே நோக்கம் இருக்கவேண்டும். ஒருவர் உதவியில்லாமல் மற்றவர் அதை அடையமுடியாது என்ற நிலை வேண்டும். மேலேயுள்ளவர்கள், அதாவது சட்டமும் அதிகாரமும், அதற்கு ஆதரவாக இருக்கவேண்டும். இப்போது ஓர் அணியை நினைத்துப் பாருங்கள். காணி உறுதி இருக்கிறவனுக்கும் தரப்பாள் கொட்டிலில் இருக்கிறவனுக்கும் ஒரே சட்டை. பந்தைக் கொடுக்காமல் கோல் போடமுடியாது. நடுவரின் விசில் எல்லோருக்கும் ஒன்று. ஓல்போட் கேட்டவை ஏறக்குறைய எல்லாம் அங்கே வந்துவிடுகின்றன. நிவாரண வரிசையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது ஒரே அணிக்குள் இருப்பவர்களுக்குத்தான். எதிரணிக்கு அல்ல. அதே 1954இல் முசாபர் ஷெரீப் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பையன்கள் 22 பேரை ஒரு முகாமுக்குக் கூட்டிப்போய் இரண்டு குழுவாகப் பிரித்து, பேஸ்போல், கயிறிழுத்தல் என்று போட்டி வைத்தார். சில நாட்களில் ஒரு குழு மற்றக் குழுவின் கொடியை எரித்தது, குடிலுக்குள் புகுந்து பொருட்களைக் கலைத்தது. இத்தனைக்கும் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியான குடும்பத்துப் பிள்ளைகள். முகாமுக்குத் தண்ணீர் வரவில்லை, லொறி ஓடவில்லை என்று எல்லோரும் சேர்ந்தே தீர்க்கவேண்டிய சிக்கல்களைக் கொண்டுவந்த பிறகுதான் கோபம் தணிந்தது. 'நல்லுறவுக்காக' என்று பெயர் வைத்து, வந்த கிராமத்துக்கும் இருந்த கிராமத்துக்கும் போட்டி வைத்து, முடிவில் கைகலப்பாகி, பொலிசில் முறைப்பாடு வரை போன கதைகளை நம் பக்கத்திலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். காரணம் பிள்ளைகளல்ல, அணி பிரித்த முறை.

இரண்டாவது விடயம் ஈராக்கில் நடந்தது. அந்நாட்டின் வடக்கே கரகோஷ் என்ற கிறிஸ்தவ நகரம் இருக்கிறது. 2014 ஓகஸ்டில் ஐ.எஸ். இயக்கம் அதைப் பிடித்தபோது மக்கள் இரவோடிரவாக ஓடி எர்பில் நகரத்தில் தஞ்சம் புகுந்தார்கள். 2016 ஒக்டோபரில் நகரம் மீட்கப்பட்டது. திரும்பி வந்தவர்கள் எரிந்த வீட்டையும் எரிந்த தேவாலயத்தையும் கண்டார்கள். அயலில் இருந்த முஸ்லிம்கள் தங்களைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற கசப்பு பலருடைய மனதில் இருந்தது. அந்த நிலையில் சல்மா மூசா என்ற இளம் பெண் ஆய்வாளர் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களுக்கான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளை ஒழுங்குசெய்தார். மொத்தம் 51 அணிகள். சீட்டுக் குலுக்கும் முறையில் சில அணிகளுக்கு மேலதிகமாகக் கிறிஸ்தவ வீரர்களும், சில அணிகளுக்கு முஸ்லிம் வீரர்களும் சேர்க்கப்பட்டார்கள். அணிகளில் சிலருக்கு முதலில் விருப்பமில்லை.

சுற்றுப்போட்டி முடிந்தபின் பார்த்தால், முஸ்லிம்களுடன் ஒரே அணியில் ஆடியவர்கள் அடுத்த முறையும் கலப்பு அணியில் ஆட முன்வந்தார்கள். வேறு அணியிலுள்ள முஸ்லிம் வீரர் ஒருவருக்கு நற்பண்புக்கான பரிசு கொடுக்க வாக்களித்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களுடன் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். இவை சிறிய விடயங்களல்ல. ஆனால் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரத்திலுள்ள, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மொசூல் நகரத்துக்குப் போய் ஒரு கடையில் சாப்பிடுவதிலோ, எல்லோரும் கலந்துகொள்ளும் ஒன்றுகூடலுக்கு வருவதிலோ இவர்கள் மற்றவர்களைவிட முன்னுக்கு வரவில்லை. மைதானத்தில் ஏற்பட்ட நெருக்கம் மைதானத்திலேயே நின்றுவிட்டது. 2020 ஓகஸ்டில் 'சயன்ஸ்' என்ற விஞ்ஞானச் சஞ்சிகையில் இந்த ஆய்வு வெளியானது. உதைபந்தாட்டம் எல்லாப் பகையையும் தீர்க்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை ஒரு தடவை படிக்கவேண்டும்.

ஏன் நின்றது? ஆய்வாளரின் விளக்கம் ஒருபுறம் இருக்க, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்தச் சுற்றுப்போட்டியில் ஆடியவர்கள் ஆண்கள். அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் ஒருவரையொருவர் அறியவில்லை. ஒரு வீட்டுக்கு யார் வரலாம், எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பெண்கள். கிளார்க்ஸ்ரனில் பந்து குசினிவரை வந்தது ஒரு பெண் அதைத் தாய்மாரிடம் கொண்டுவந்ததால். கரகோஷில் அப்படி ஒரு வழி இருக்கவில்லை.

இது நமக்குப் புறத்தியான விடயமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டு, போர் முடிந்தபின் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தார்கள். தாய்க்கு அது பிறந்த ஊர். பிள்ளைக்கோ அது கேள்விப்பட்ட ஊர், அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு இவன் புத்தளத்தான். 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களோ பல பத்து வருடங்களாகியும் சில ஊர்களில் 'வந்த ஆக்கள்' என்ற பெயரிலிருந்து விடுபடவில்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் புத்தளத்திலும் உதைபந்தாட்டம் மக்களின் உயிர். பந்து இல்லாத குறை நமக்கு இல்லை. கழகங்கள்தான் ஒவ்வோர் ஊருக்கும், சில இடங்களில் ஒவ்வொரு கோயிலுக்கும் தெருவுக்கும் தனித்தனியாக இருக்கின்றன. வந்தவனுக்கு அதில் அங்கத்துவம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் அவன் பந்து பொறுக்கிக் கொடுக்கிறவனாகவே கொஞ்சக்காலம் இருக்கவேண்டும்.

ஆகவே உங்கள் கிராமத்து மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ விளையாட்டுப் போட்டி பற்றிப் பேச்சு வந்தால், ஊருக்கு ஊர் அணி வேண்டாம், சீட்டுக் குலுக்கி அணி பிரியுங்கள் என்று எழுந்து சொல்லுங்கள். ஒரே அணியில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வரட்டும். பதினொரு பேர் சேராவிட்டால் ஐந்து ஐந்து பேராக ஆடட்டும், சிறிய இடம் போதும், எல்லோர் காலுக்கும் பந்து வரும்.

"பிள்ளை கையைக் காலை முறிச்சுக்கொண்டு வந்தால் ஆர் பாக்கிறது?" என்று கேட்கும் தாய்மாரின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. நியாயமான பயங்கள் இன்னும் உண்டு. கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதியாகத் தெரியாத காணிக்குள் பந்து போனால் எடுக்கப் போகக்கூடாது என்பதை வடக்கில் இன்றைக்கும் பிள்ளைக்குச் சொல்லிவைக்கவேண்டும். மாலையானால் சில மைதானங்களின் ஓரத்தில் போதைப்பொருள் விற்கிறவர்கள் நிற்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இவற்றுக்கெல்லாம் கதவைப் பூட்டுவதைவிட, இரண்டு தாய்மார் முறைவைத்து மைதான ஓரத்தில் போய் நிற்பது நல்ல காவல். ஒருவர் வந்த பக்கத்தவர், ஒருவர் இருந்த பக்கத்தவர். ஒரு மணித்தியாலம் பக்கத்தில் நின்றால் பேசாமல் இருக்க முடியாது. அரிசி விலையில் தொடங்கினாலும் போதும்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். வலைப்பந்து பரவாயில்லை, உதைபந்து வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. போரினால் 1990இல் மக்கள் இடம்பெயர்ந்த தெல்லிப்பளையில் மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைகள் உதைபந்தாட்டத்தில் சம்பியனாக வந்ததை அந்த வீடுகளில் எடுத்துச் சொல்லுங்கள். நடைமுறையில் பெரிய தடை விருப்பமின்மை அல்ல, நேரம்தான். மைதானம் மாலை நான்கரை மணிக்குப் பையன்களுக்குப் போய்விடுகிறது, பெண்பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வெயில் அல்லது இருட்டு. கிழமையில் இரண்டு நாள் நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை பெண்பிள்ளைகளுக்கு என்று கழகத்துடன் எழுத்தில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. வாய்ச்சொல் சுற்றுப்போட்டிக் காலத்தில் நிற்காது. பயிற்றுநர் ஆணாக இருந்தால், தாய்மாரில் ஒருவர் எப்போதும் கூட இருக்கவேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இன்னொன்று, பந்து இரவில் எங்கே இருக்கவேண்டும் என்பது. இதைச் சின்ன விடயம் என்று நினைக்கவேண்டாம். பெரும்பாலும் அது கழகச் செயலாளரின் வீட்டில் இருக்கும், அவர் இருந்த ஊர்க்காரர். அவர் வரும்வரை மற்றவர்கள் காத்து நிற்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு கிழமை வந்தவர்களின் வீடொன்றிலும், அடுத்த கிழமை ஊர்க்காரரின் வீடொன்றிலும் என்று மாற்றி மாற்றி வைக்கலாம். பந்து வேண்டுமென்றால் பிள்ளைகள் அந்தப் படலையைத் திறந்து, முற்றத்தில் நின்று, அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். யார் வீட்டில் எந்தக் கிழமை என்ற அட்டவணையை மாதர் சங்கத்தில் ஒருவர் எழுதி வைத்திருந்தால் போதும்.